ஞாயிற்றுக்கிழமைப் பேட்டரி

பிப்ரவரி 9

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே போன். என் வீட்டுக்காரிதான். "மறுபடியும் அந்தச் சிவப்பு முக்கோணம் எரியுது. பின்னாடி ஃபேன் ஓன்னு கத்துது."

எங்கள் ஹைபிரிட் காருக்கு வயதாகிவிட்டது. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி என்று நான்தான் தேடித் தேடி வாங்கினேன். அப்போது தெருவில் அப்படி ஒரு கார் யாரிடமும் இல்லை. இப்போது அந்தப் பேட்டரி பாதிதான் உயிரை வாங்குகிறது. எனக்குக் கவலையில்லை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்தே போய்விடுவேன். இவள் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பவள். கால் விழுந்தவர்களும் தோள் பூட்டிக்கொண்டவர்களும் நகரத்தின் நாலு மூலையிலும் இவளுக்காகக் காத்திருப்பார்கள். கார் படுத்தால் அவர்களும் படுத்தபடிதான்.

பிப்ரவரி 12

மெக்கானிக்கிடம் நான்தான் கொண்டுபோனேன். இந்த வீட்டில் கார் விஷயம் என் இலாகா. பின் சீட்டுக்குப் பின்னால் செங்கல் மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கும் பேட்டரிக் கட்டிகளில் ஒன்று செத்துவிட்டதாம். அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "சார், கிழவன் வாய்ல ஒரு பல்லு மாத்தின மாதிரிதான் இது. பக்கத்துப் பல்லு எப்ப ஆடும்னு சொல்ல முடியாது" என்றார்.

மொத்தமாகப் புதிதுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். சொன்னார். வேறு பேச்சுக்கு மாறினேன்.

பிப்ரவரி 27

பக்கத்துப் பல் ஆடிவிட்டது.

மார்ச் 3

இதே மாடல் கார் வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதாம். இவள் சேர்ந்துவிட்டாள். அதில் ஒரு பல் டாக்டர். நம்முடையதைவிடப் பழைய வண்டியாம், அவரே பிரித்து அவரே பூட்டி இன்னும் ஓட்டுகிறாராம். எழுதத் தெரியாதோ என்னவோ, எல்லாவற்றுக்கும் குரல் செய்தி அனுப்புகிறார். சமையலறையில் அந்தக் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கனமான குரல். வலிக்காது வலிக்காது என்று சொல்லியே பழகிய குரல்.

"ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பேட்டரி பாக்கத்தான்."

அதுதானே. வேறு எதற்கு வரப்போகிறார்.

மார்ச் 10

வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். எனக்குப் போன முடி அவருக்குப் போகவில்லை. மனைவி விலகிப்போய் வெகுகாலம், தனியாக இருக்கிறார் – இதை நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை, இவள் சொன்னாள். இவளுக்கு எப்படித் தெரியும்?

முதலில் அவரும் இவளுமாகப் பின் சீட்டைக் கழற்றினார்கள். பேட்டரியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை உருவினால்தான் மின்சாரம் துண்டிக்கப்படும். உருவிய உடனே தொடக் கூடாது, உள்ளே மிச்சமிருப்பது அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார்கள். கார் நிறுத்தும் ஷெட்டில், படியில், பக்கத்தில் பக்கத்தில். அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. பேசத்தான் முடியும். வேலை நடக்கும் நேரத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இந்தக் காத்திருப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிறகு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார்கள். பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து ஒரு கட்டிக்குப் பின்னால் நுழைத்தார். "பாருங்க மேடம், செம்புப் பட்டையெல்லாம் பச்ச பூத்துப் போயிருக்கு. இது வண்டியோட சொத்தப் பல்லு." இவள் சிரித்தாள். அப்படி ஒன்றும் பெரிய ஜோக் இல்லை. மெக்கானிக் இதே பல் ஜோக்கைச் சொன்னார் என்று அன்றைக்கு இவளிடம் நான் சொன்னேன். அப்போது 'ம்' என்றாள்.

மார்ச் 11

குளிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். பாட்டு என்னவென்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். பிடிபடவில்லை.

மார்ச் 24

மூன்றாவது ஞாயிறு. வாரம் ஒரு கோளாறு வந்துவிடுகிறது. ஒரு கட்டியை மாற்றினால் நாலு நாள் நன்றாக ஓடும், அப்புறம் திரையில் பேட்டரிக் கோடுகள் மளமளவென்று சரியும். இவளுக்குக் கவலை இருக்க வேண்டுமா இல்லையா? இல்லை. சனிக்கிழமை சாயங்காலமே கையுறையை எடுத்து வைக்கிறாள்.

என் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துப் படுத்திருக்கிறாள். அந்தச் சட்டையை நான் தேடிக்கொண்டிருந்தேன். கட்டி ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் நம்பர் எழுதியிருக்கிறாள். மீட்டரை வைத்து அளந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எழுதிக்கொள்கிறார். முதல் வாரம் அவர் அளந்தார், இவள் எழுதினாள். எப்போது மாறியது என்று தெரியவில்லை.

"பதினாலாம் நம்பர் சோர்ந்து போச்சு, டாக்டர்."

"பிரமாதம் பார்ட்னர்!"

பார்ட்னராமே.

காபி போட்டுக் கொடுத்தேன். நானேதான். இரண்டு பேருக்கும். "தேங்க்ஸ் சார்" என்றார். என்னைச் சார் என்கிறார். அந்த மரியாதையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 2



மத்தியானம் ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டிருக்கிறது. பின்னால் லாரி. இவள் இறங்கி ஓரமாக நின்று போன் செய்திருக்கிறாள் – அவருக்கு. எனக்கில்லை. அவர் வந்து, கயிறு கட்டி இழுத்து, வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் சாயங்காலம் வந்தபோது முகம் கழுவிவிட்டு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆப்பிள்!

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"நீங்க வந்து என்ன பண்ணியிருப்பீங்க?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் இன்னும் குத்துகிறது. நான் வந்து என்ன பண்ணியிருப்பேன்? மெக்கானிக்குக்குப் போன் பண்ணியிருப்பேன். அவர் நாளைக்கு என்று சொல்லியிருப்பார். ஆனால் வந்திருப்பேனே! பக்கத்தில் நின்றிருப்பேனே!

"புருஷன்னு ஒருத்தன் இருக்கான்னு ஞாபகமாவது வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. பிறகு அவள் அறைக்குப் போனதும் இரண்டு துண்டு தின்றேன்.

ஏப்ரல் 8

ஒரு வாடிக்கையாளருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியில் தூரப்பார்வை லென்ஸைப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

ஏப்ரல் 14

ஜன்னல் அருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டைப் பல தடவை மடித்திருப்பேன். அவர் ஏதோ சொல்ல, இவள் ஸ்பேனரோடு கையை ஓங்க, அவர் பயந்த மாதிரி பின்னால் சாய – எனக்கு உள்ளே கனகனவென்று எரிகிறது. இவ்வளவு விளையாட்டுக் குணம் இவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும். மறந்துவிட்டேன். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் டிக்கெட்டை என் காதில் சொருகுவாள்.

வேறு ஊரில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டேன். பொதுவாகத்தான் பேசினேன். பாதியில் நிறுத்தி, "அப்பா, பேச்சுக்குப் பேச்சு பல் டாக்டர் பல் டாக்டர்ங்கிறீங்க. வயிறு எரியுதா?" என்றாள்.

"எனக்கென்ன எரியப்போகுது?"

"ஃபோன்ல கருகின வாசன வருதுப்பா."

சிரிக்கிறாள். தாயும் மகளும் ஒரே சிரிப்பு.

ஏப்ரல் 17

முடிவு பண்ணிவிட்டேன். கோளாறு இருப்பதால்தானே அவர் வருகிறார். கோளாறே இல்லையென்றால்?

கடைக்கு லென்ஸ் அறுக்கும் மெஷின் வாங்கச் சேர்த்து வைத்தது இருக்கிறது. பழைய மெஷினே இன்னும் கொஞ்ச நாள் இழுக்கட்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேசிவிட்டேன். புத்தம் புதுப் பேட்டரி, முழுசாக. அடுத்த வாரம் இவள் வெளியூர்ப் பயிற்சி முகாமுக்குப் போகிறாள். அதற்குள் முடித்துவிடலாம்.

மனைவிக்காகச் செய்கிறேன். நடுரோட்டில் அவள் நிற்கக் கூடாது என்றுதான். இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்?

ஏப்ரல் 25

வண்டி வந்துவிட்டது. கழுவித் துடைத்தும் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தேன். பூனை நடக்கிற மாதிரி போகிறது. சர்வீஸ் சென்டர் பெண், "சர்ப்ரைஸா? உங்க மேடம் குடுத்து வச்சவங்க சார்" என்றாள். மகளும் போனில், "சூப்பர்பா!" என்றாள். எதிர்வீட்டு வாத்தியார் கைகுலுக்கினார். ஊரே மெச்சுகிறது. இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 26

ஸ்டேஷனிலிருந்து அதே காரில் அழைத்து வந்தேன். முதல் சிக்னலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். திரையைப் பார்த்தாள், பின்னால் திரும்பிக் காதைக் கொடுத்தாள்.

"என்ன பண்ணீங்க?"

சொன்னேன். எவ்வளவு நன்றாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நன்றாகச் சொன்னேன். உத்தரவாதம், உன் நோயாளிகள், இனிமேல் பாலத்தில் நிற்க வேண்டாம்.

"பழச எங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்களே உருக்கிடுவாங்களாம்."

"நான் நம்பர் போட்டது எல்லாம்?"

"அந்தக் குப்பையெல்லாம் இனிமே எதுக்கு –"

குப்பை என்று சொல்லியிருக்கக் கூடாது. வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காரும் சத்தம் போடவில்லை. அப்படி ஒரு மௌனத்தை நான் எந்தக் காரிலும் கேட்டதில்லை.

ஏப்ரல் 28

ஞாயிறு. யாரும் வரவில்லை. எழுந்ததும் பழக்கத்தில் நீலச் சட்டையைப் போட்டிருக்கிறாள், பிறகு ஞாபகம் வந்து கழற்றி மடித்து என் அலமாரியில் வைத்தாள்.

"சட்டைய நீயே வச்சுக்கோ" என்றேன்.

"எதுக்கு?"

அப்புறம் அவளாகவே பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"இருபது வருஷமா ஒடம்பு தேய்ச்சே பொழைக்கிறேன். இன்னைக்கு நிமித்திவிட்டா நாளைக்கு மறுபடி கோணிக்கும். அது அப்படித்தான், நான் குறை சொல்லல. ஆனா இங்க ஒரு கட்டிய எடுத்து, அளந்து, எது சரியில்லன்னு நானே கண்டுபிடிச்சு, மாத்தி வச்சா, அந்தச் சிவப்பு விளக்கு அணைஞ்சுது பாருங்க – அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இன்னும் மூணே மூணு கட்டிதான் பாக்கி. அப்புறம் நிக்காம ஓடியிருக்கும். நானே ஓட வச்சிருப்பேன்."

"உன் நல்லதுக்குத்தானே –"

"நீங்க எனக்குப் பேட்டரி வாங்கித் தரல. என் ஞாயித்துக்கிழமைய வெல குடுத்து வாங்கிட்டீங்க."

மே 5

ஞாயிறு. கார் நன்றாக ஓடுகிறது.

மே 12

கார் நன்றாக ஓடுகிறது. இவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். உப்பு போதுமா, கேட் பூட்டியாச்சா – பேசுகிறோம். அவர் வருவதில்லை, குரல் செய்தியும் கேட்பதில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏன் இன்னும் எரிகிறது? முன்பு அவர் வரும்போது மட்டும் எரிந்தது. இப்போது அவர் வராத வீட்டில் இவள் யாரை நினைத்துக்கொண்டு ஜன்னல் துடைக்கிறாள் என்று எரிகிறது.

மே 19

போய்விட்டேன். கால்தான் கொண்டுபோனது என்று எழுத ஆசை. இல்லை, விலாசம் விசாரித்துத்தான் போனேன்.

அவர் வீட்டுப் பின்புறம் பெரிய ஷெட். மேஜை, விளக்கு, சார்ஜர், உபயோகிக்காத கட்டிகள், எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். எங்கள் குறுகலான இடத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்த மனிதரிடம் இவ்வளவு வசதி இருக்கிறது.

"வாங்க சார். புதுப் பேட்டரி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது."

நாற்காலி போட்டார். உட்காரவில்லை. "டாக்டர், நேராவே கேக்குறேன். என் வீட்டுக்காரிய உங்களுக்கு..."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். பிறகு நிமிர்ந்து, "பிடிக்கும்" என்றார்.

மறுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். மறுத்தால் என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்திருந்தேன்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல சார். சொல்லவும் மாட்டேன். அவங்க என்னைத் திரும்பிப் பாத்ததெல்லாம் அடுத்த கட்டி எதுன்னு கேக்கறதுக்குத்தான். அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது." கொஞ்சம் சிரித்தார். "இருந்தாத் தேவலன்னு நெனச்சதுண்டு."

அவரை அடிக்கத் தோன்றவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. திரும்பினேன். பின்னாலிருந்து சொன்னார்: "ஒண்ணு சொல்லணும், தப்பா நெனைக்காதீங்க. அவங்க அவ்ளோ நல்லா வேல செய்வாங்க. நீங்க ஒரு நாளும் வெளிய வந்து பாத்ததில்ல. ஜன்னல்ல நின்னு என்னயேதான் பாத்துக்கிட்டிருந்தீங்க."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ரொம்ப தூரம்.

ஜூன் 2

பல் டாக்டர் விடைபெற வந்தார். மகனோடு போய் இருக்கப்போகிறாராம், வேறு ஊர். க்ளினிக்கை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஷெட்டிலிருந்த சார்ஜரையும் மீட்டர்களையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அங்க வைக்க எடமில்ல பார்ட்னர்" என்றார். என்னைப் பார்க்காமல் சொல்லவில்லை. இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார்.

போன பிறகு இவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. "திடீர்னு ஏன் போறாரு? ரெண்டு மாசம் முன்னாடிகூட இந்த ஊரவிட்டு எங்க போறதுன்னாரே" என்றாள்.

"மகன் கூப்பிட்டிருப்பான்" என்றேன்.

மகன் மேல் பழியைப் போட்டாயிற்று. முகம் தெரியாத மகன்.

ஜூன் 16

சொல்லிவிட்டேன். வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரிடம் போனது, கேட்டது, அவர் சொன்னது. காபி ஆறிக்கொண்டிருந்தது. இவள் ஆச்சரியப்படுவாள், கோபப்படுவாள், அழுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் பயந்தேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து. குழந்தைக்குக்கூடத் தெரியும், அவர் மூஞ்சிய பாத்தா."

"அப்புறம் ஏன்டி –"

"ஏன்னா எனக்கு வேல கத்துக்கணும். அவர் ஷெட்டுல எல்லா வசதியும் இருக்கு, அங்க வாங்கன்னு எத்தன தடவ கூப்பிட்டாரு தெரியுமா? முடியாது, எங்க வீட்டுலதான், ஞாயித்துக்கிழமதான், என் வீட்டுக்காரர் இருக்கும்போதுதான்னு சொன்னேன். இடிச்சுக்கிட்டு, வேத்துக்கிட்டு, உங்க கண்ணு முன்னாடி. அது உங்களுக்குப் போதும்னு நெனச்சேன்."

எனக்கு அது திமிராகத் தெரிந்திருந்தது. என் வீட்டிலேயே, என் கண் முன்னாலேயே என்று.

"பாலத்துல நின்னப்ப அவருக்குப் போன் பண்ணியே" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி.

"அவர்கிட்ட இழுக்கற கயிறு இருந்துச்சுங்க." பிறகு குரல் இறங்கியது. "பின்னாடி லாரி வந்து நின்னப்ப அவ்ளோ பயந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்ககிட்ட அதச் சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். நீங்க வந்ததும் புருஷன்னு ஒருத்தன்னு ஆரம்பிச்சிட்டீங்க."

ஆறிய காபியை இருவருமே குடித்தோம். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்ல" என்றாள். "ஆனா சொன்னீங்களே. அது வரைக்கும் சரி."

ஜூன் 30

பெட்டியைத் திறந்தாள். குழுவில் யாரோ ஒரு டீச்சரம்மாவின் வண்டி, அதே நோய். பேட்டரியை ஷெட்டில் எடுத்துப் போட்டாயிற்று. நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். "என்ன?" என்றாள். "சும்மா" என்றேன்.

கட்டியைக் கழற்றுவதற்கு முன் இரண்டு விரலால் அதன் பக்கவாட்டை அழுத்திப் பார்க்கிறாள். உப்பியிருக்கிறதா என்று. நோயாளியின் முழங்காலை அப்படித்தான் தொடுவாளாக இருக்கும். நான் பார்த்ததில்லை. அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை, இரண்டு வேலையையும்.

விளக்கு அணைந்ததும் அந்த டீச்சரம்மா இவளைக் கட்டிக்கொண்டாள். அதற்கும் லேசாக ஒரு எரிச்சல் வந்தது. நான் திருந்துகிற ஜாதி இல்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21

கடைக்கு ஒருவர் வந்தார். ஒவ்வொரு ஃபிரேமாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க பேட்டரி மேடத்தோட வீட்டுக்காரர்தானே?" என்றார். இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் நான்தான் கண்ணாடிக் கடைக்காரர், அவள் கண்ணாடிக் கடைக்காரர் மனைவி. ஆமாம் என்றேன். அவர் வண்டி எப்படிப் படுத்தது, நண்பர் வண்டியை இவள் எப்படி எழுப்பினாள் என்றெல்லாம் நின்றபடியே சொல்லிவிட்டு, கண்ணாடி வாங்காமல், தேதி மட்டும் கேட்டார்.

இந்த ஞாயிறு ஆள் இருக்கிறது, அடுத்த ஞாயிறு வாங்க என்று நானே கொடுத்துவிட்டேன். கொஞ்சம் கெத்தாகத்தான் கொடுத்தேன்.

வீட்டில் சரியான திட்டு. அடுத்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போவதாக இருக்கிறதாம். வழியில் ஏரிக்கரையில் இறங்கிச் சாப்பிடுவதாகக்கூட முடிவு பண்ணியாயிற்றாம்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"இப்ப சொல்றேன்ல" என்றாள்.